கீரைமேல் தப்பில்லை

முயலுக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் சொல்வது அதன் புழுக்கைதான். அல்லது புழுக்கை இல்லாத தட்டு. அந்தத் திங்கட்கிழமை காலையில் கூண்டுக்கு அடியில் இருக்கும் தட்டை இழுத்தேன். துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மற்ற நாளெல்லாம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக நூறு உருண்டைக்குக் குறையாது, வைதுகொண்டேதான் பெருக்குவேன். அன்று, "நல்லதாப் போச்சு, ஒரு வேலை மிச்சம்" என்று நினைத்தேன். என் முதல் நினைப்பு அதுதான். அதை மறைத்துவிட்டு மேலே எழுதுவதில் அர்த்தமில்லை.

அரை மணி நேரம் கழித்துத்தான் முயலின் முகத்தைப் பார்த்தேன். மூலையில் பந்துபோல் சுருண்டு, முதுகைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொத்தமல்லித் தண்டை மூக்குக்கு நேராக நீட்டினேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வலி வந்தால்தான் முயல் அப்படிக் கடிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சாரல் குளிருக்கு நடுங்குகிறது என்று ஒரு பழைய துண்டைப் போர்த்திவிட்டேன்.

அதன் பெயர் புட்டு. நான்கரை மாதக் குட்டி. புளியறையில் ஒரு வீட்டில் முயல் வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என் மகள் அபி போய் வாங்கி வந்தாள். மூங்கில் குழாயிலிருந்து அப்போதுதான் தள்ளிய புட்டுபோல் வெள்ளையாக இருந்தது, அதனால் அந்தப் பெயர். அபி பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள். விடுதியில் முயலுக்கு இடம் உண்டா? விடுமுறை முடிந்து போகும்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். என்ன கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று ஐந்து வரி. முதல் வரிக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு: "குளிப்பாட்டவே கூடாது."

நான் குற்றாலத்தில் கடை வைத்திருப்பவள். பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய், சோப்பு, சீயக்காய், துண்டு. வீடு மேலகரத்தில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதுதான் என் முதல் போடாத மூலதனம். "அருவித் தண்ணி மலையில எத்தன மூலிகைய அலசிக்கிட்டு வருது தெரியுமா? எண்ணெயத் தேச்சு ஒரு குளியல் போடுங்க, எந்தச் சீக்கும் ஒங்க பக்கம் திரும்பிப் பாக்காது." இருபது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அது மனப்பாடமாகி, பிறகு நம்பிக்கையும் ஆகிவிட்டது. அபியைக் கைக்குழந்தையிலிருந்து சீசனுக்குச் சீசன் அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினேன். அவள் எனக்கு எழுதி ஒட்டுகிறாளாம், குளிப்பாட்டக் கூடாதென்று! படித்த அன்று சிரித்தேன்.

முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, என்ன நடந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைச் சீட்டில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறது. தெரியாதது டாக்டருக்கு. எனக்குத் தெரியும்.

வீட்டில் தனியாகக் கிடக்கிறதே என்று புட்டுவைக் கூடையில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதில் பாதி பொய். அதற்கு முந்தின வாரம் ஒருநாள் கொண்டுபோனபோது பிள்ளைகளும் பெரியவர்களும் முயலைப் பார்க்கக் கடையை மொய்த்துவிட்டார்கள். வியாபாரம் நன்றாக நடந்தது. அந்த ருசியில்தான் மறுபடி கொண்டுபோனேன்.

சீசன் கூட்டம். வெளியூர்க் குடும்பம் ஒன்று கடைமுன் நின்றது. குடும்பத் தலைவர் எண்ணெய்ப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நிஜமாவே நல்லதாங்க?" என்று கேட்டார். சும்மா 'நல்லதுதான்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "நல்லதாவா? எங்க முயலுக்கே தேய்ப்பேன், பாக்குதீங்களா?" என்றேன். வாய் சொன்னதைக் கை செய்துவிட்டது. பாட்டிலைத் திறந்து ஒரு கை எண்ணெயைப் புட்டுவின் முதுகிலும் வயிற்றிலும் தேய்த்தேன். கூட்டம் கூடியது, போன்கள் மேலே எழும்பின. பெருமை தலைக்கேறிவிட்டது எனக்கு. குடத்தில் பிடித்து வைத்திருந்த அருவித் தண்ணீரை எடுத்து, "புட்டுவுக்குக் குத்தாலக் குளியல்!" என்று மூன்று செம்பு ஊற்றினேன்.

புட்டு துள்ளவில்லை, ஓடவில்லை. கண்ணை அகலத் திறந்துகொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தது. "பாருங்க, எம்புட்டுச் சொகமா உக்காந்திருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நாலு பாட்டில் விற்றது.

ஈரத்தோடு கூடையில் போட்டு வைத்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வரும்வரை அது தன் உடம்பை நக்கிக்கொண்டே இருந்தது. பூனை மாதிரி சுத்தம் பார்க்கிறதே என்று அதையும் ரசித்தேன்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்து ஓட்டுநர். ஞாயிறு முழுக்க வண்டியில் இருந்தவருக்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது. காலையில் வீட்டுக்கு வந்தவர் முயலைப் பார்த்ததும், "என்னட்டி இது, இப்பிடிச் சுருண்டு கெடக்கு? கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு" என்றார். அவர் சட்டை மாற்றுகிற நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். புட்டுவின் மேல் எண்ணெய் வாடை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, குழந்தைப் பவுடரை எடுத்து உடம்பெல்லாம் தூவினேன். ஏன் செய்தேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. கை தானாகச் செய்தது. திருட்டுக் கை.

தென்காசி கால்நடை மருத்துவமனையில் காத்திருந்தவர்களில் முயல்காரர்கள் நாங்கள் மட்டும்தான். பக்கத்தில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர், "ஏம்மா, கறிக்கு வளக்கதா?" என்று கேட்டார். "அண்ணாச்சி, நீங்க ஒங்க ஆட்டப் பாருங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். முயலைக் கொல்கிறவள்போல் என்னைப் பார்க்கிறார் என்று எனக்குத்தான் குத்தியது.

டாக்டர் இளம்பெண். "எங்கிட்ட முயல் அதிகம் வராதும்மா. தெரியாததைக் கேட்டுத்தான் செய்வேன்" என்று முதலிலேயே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. எனக்கு அது வரவில்லை. வெப்பமானியை வைத்துப் பார்த்தார். முயலின் உடம்பு நம் உடம்பைவிடச் சூடாக இருக்க வேண்டுமாம், புட்டுவுக்கு இறங்கியிருந்தது. வயிற்றில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். "சத்தமே இல்ல" என்றார். குடல் தேக்கம் (குடல் அசைவது நின்று, தின்றது அங்கேயே தங்கிப் புளித்துக் காற்று கட்டுவது) என்று விளக்கினார். முயலுக்கு அது ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும்.

"எதனால வருது டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சாப்பாடு மாறினா வரும், பயந்தா வரும், குளிர்ந்தா வரும். மழையில கிழையில நனைஞ்சுச்சா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். உண்மையைச் சொல்ல அந்த ஒரு கேள்வி போதும். பதிலும் ஒரே வார்த்தைதான்.

"இல்லீங்க டாக்டர்" என்றேன்.

"பவுடர் வாசம் வருதே?"

"சும்மா அழகுக்குப் போடுவோம்."

"புதுசா எதாவது தின்னுச்சா?"

இங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். ஆனால் ஒரு பொய்யைச் சொன்னதும் அது நிற்க ஒரு கால் கேட்கிறது. "நேத்து வாங்குன கீரைதான் ஒரு மாதிரி வாடை அடிச்சுது" என்றேன்.

தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றினார்கள். வலிக்கு ஊசி, வாயுவுக்குக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் சொட்டுமருந்து. கதகதப்பாக வைத்திருங்கள், நாளை காலை கொண்டுவாருங்கள் என்றார்கள். சீட்டில் காரணம் தெரியவில்லை என்று எழுதி, பக்கத்தில் கீரை என்று போட்டு ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியை நான் வண்டியில் வீடுவரை பார்த்துக்கொண்டே வந்தேன்.

கீரை என்றால் மாடத்தி அக்கா. கீழப்பாவூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து, எங்கள் தெருவில் வீடு வீடாகக் கூவி விற்பவர். அவர் குரல் கேட்டால்தான் எங்கள் தெருவுக்கு விடியும். புட்டு வந்த நாளிலிருந்து, நான் வாங்குகிற கட்டுக்கு மேலே தினமும் ஒரு பிடி கொத்தமல்லித் தண்டோ முள்ளங்கி இலையோ எடுத்து வைப்பார். "இது எம்மருமவனுக்கு" என்பார். புட்டு அவர் குரலைக் கேட்டதும் பின்னங்காலில் எழும்பி நிற்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் குரல் வாசலுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வெளியே போனார். இரவெல்லாம் முயலை மடியில் வைத்துக்கொண்டு வெந்நீர்ப் பாட்டில் மாற்றியவருக்குத் தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

"என்னத்தம்மா அடிக்கிய கீரையில? பூச்சிமருந்தா? வாயில்லாச் சீவன் சாவக் கெடக்கு."

மாடத்தி அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. கூடையை இறக்கி வைத்தார். "அண்ணாச்சி, நான் மருந்தே அடிக்கமாட்டேன். எம்பேரனுக்கு இதத்தான் கடைஞ்சு ஊட்டுதேன்."

"டாக்டரே எழுதிக் குடுத்திருக்கு!" என்றார் இவர், சீட்டை ஆட்டி.

எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. அடுத்த வீட்டுப் பெண் கையில் வாங்கியிருந்த கட்டை மெதுவாகத் திரும்பக் கூடையில் வைத்தாள். மாடத்தி அக்கா அதைப் பார்த்தார். பிறகு குனிந்து, கூடையிலிருந்து ஒரு பிடி கீரையை மண்ணோடு எடுத்து, பச்சையாக வாயில் போட்டு மென்றார். எல்லோரும் பார்க்க மென்று விழுங்கினார். "பாருங்க. நல்லாப் பாருங்க. நான் செத்தேம்னா கேளுங்க" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

நான் எங்கே இருந்தேன்? கதவுக்குப் பின்னால், முயலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மாடத்தி அக்கா கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். "ஜெயா, நீயாவது சொல்லுத்தா" என்றார். கடையில் ஓயாத இந்த வாய் அப்போது திறக்கவில்லை. என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமான ஒரு நிமிஷம் எனக்கு இல்லை. சீ, நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவர் கூடையைத் தலையில் ஏற்ற யாரும் கை கொடுக்கவில்லை. தானே ஏற்றிக்கொண்டு போனார்.

மருத்துவமனைக்குப் போவதற்குள் புட்டுவின் தாடை நனைந்து எச்சில் வழிந்தது. உடம்பு விட்டுவிட்டு நடுங்கியது. டாக்டர் அதன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். திருநெல்வேலியில் இருக்கும் தன் சிநேகிதர் ஒருவருக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு எங்களிடம் வந்தார்.

"எச்சில் வழியறதும் நடுக்கமும் பார்த்தா பூச்சிமருந்து விஷமா இருக்கலாம். அப்படின்னா அதை முறிக்கற அட்ரோபின் ஊசி போடணும். ஆனா அதுல ஒரு ஆபத்து இருக்கு. அது குடலை இன்னும் அசையவிடாமப் பண்ணும். இவனுக்கு ஏற்கெனவே குடல் நின்னு போயிருக்கு. விஷம் இல்லாம இந்த ஊசியப் போட்டா நாமளே முடிச்சு வச்ச மாதிரி ஆயிடும். அதனாலதான் கேக்கறேன். கீரைதான்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

"கீரைதாங்க" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். "இவதான் வாடை அடிச்சுதுன்னு சொன்னா."

டாக்டர் மருந்துக் குப்பியை எடுத்துக் குலுக்கினார். ஊசிக்குள் மருந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புட்டு மேசைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது, கண்ணை அகலத் திறந்துகொண்டு. கடையில் தண்ணீர் ஊற்றியபோது எப்படி உட்கார்ந்திருந்ததோ அப்படியே.

"டாக்டர், போடாதீங்க" என்றேன். "கீரைமேல் தப்பில்ல. நான் குளிப்பாட்டுனேன்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். எண்ணெய், அருவித் தண்ணீர், பவுடர், எல்லாம் சொன்னேன். விற்பனைக்காகச் செய்தேன் என்பதை மட்டும் விழுங்கப் பார்த்தேன், அதுவும் வந்துவிட்டது.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "என்ன எண்ணெய்? அதுல என்னென்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நல்லெண்ணெய், பச்சைக் கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் என்று பாட்டிலில் இருக்கும் வரிசையை ஒப்பித்தேன். கடையில் தினமும் பெருமையாகச் சொல்லும் அதே வரிசை.

"நக்கி நக்கி அத்தனையும் உள்ள போயிருக்கும். எச்சிலும் நடுக்கமும் அந்தக் கற்பூரத்தாலயும் தைலத்தாலயும்தான்" என்றார். "முயலால வாந்தி எடுக்க முடியாதும்மா. உள்ள போனத வெளிய தள்ள அதுக்கு வழியே இல்ல. நேத்து காலையில சொல்லியிருந்தா ஒரு நாள் மிச்சமாயிருக்கும். வாசனையைக்கூட மறைச்சுட்டீங்களே." திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்து ஏதாவது பேசியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவர் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

"அது அசையாம உக்காந்திருந்துச்சு டாக்டர். சொகமா இருக்குன்னு நெனச்சேன்."

"பயத்துல அப்படித்தாம்மா உறைஞ்சு போகும். ஓட வழியில்லன்னு தெரிஞ்சா அதோட கடைசி வழி அதுதான்."

என் வீட்டுக்காரர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். திரும்பி வந்தபோது, "அந்தப் பொம்பளகிட்ட நான் போட்ட சத்தத்துக்கு இனி எங்கன போயி மூஞ்சியக் காட்ட?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் முயலைப் பார்த்துச் சொன்னார்.

இனி சிகிச்சை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு உயிர் சுருண்டு கிடந்தால் உங்களுக்கு இது உதவலாம், ஆனால் டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். கேட்காமல் செய்தவளின் கதையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எண்ணெயைப் போக்க மறுபடி குளிப்பாட்டக் கூடாது என்றார் டாக்டர். சோளமாவைத் தூவி, எண்ணெயை அது உறிஞ்சியதும் சீப்பால் மெல்ல வாரி எடுக்க வேண்டும். நான் அன்றும் மறுநாளும் அதைத்தான் செய்தேன். தூவுவது, வாருவது, தூவுவது, வாருவது. ஒரு கை எண்ணெய் தேய்க்க ஆன நேரம் ஒரு நொடி. அதை எடுக்க ஒன்றரை நாள் ஆனது.

உப்புநீரும் வலி ஊசியும் குடலை அசைக்கும் மருந்தும் தொடர்ந்தன. உலர்ந்த புல்லைப் பொடித்துக் கூழாகக் கரைத்து, ஊசி மாட்டாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாயில் துளித்துளியாகக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் புரை ஏறிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. வயிற்றை விரலால் வட்டமாக நீவ வேண்டும். அது தோலுக்குக் கீழே இறுகிப்போன மாவுபோல் கெட்டியாக இருந்தது. வாரும்போதெல்லாம் புட்டு என் கையில் உறைந்துபோய் இருந்தது. முன்பு என்றால், என்ன சமத்து என்று சொல்லியிருப்பேன்.

கடையைத் திறக்கவில்லை. சீசன் நேரத்தில் மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. எனக்கு மணி, நாள் என்பதெல்லாம் போய்விட்டது. தட்டைப் பார்ப்பது, வயிற்றில் காதை வைத்துக் கேட்பது, திரும்பத் தட்டைப் பார்ப்பது. அவ்வளவுதான் நேரம்.

வியாழக்கிழமை காலையில் தட்டில் ஒன்று கிடந்தது. ஒன்றே ஒன்று. சின்னதாக, கோணலாக, மயிர் சுற்றி. ஏங்க, ஓடி வாங்க என்று கத்தினேன். அவர் சட்டை பட்டன் போட்டுக்கொண்டே ஓடிவந்து பார்த்தார். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை ஒரு புழுக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அழுததை வேறு யாரும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் முதல்தடவையாக என்னிடம் பேசினார். "அபிக்குச் சொல்லு" என்றார். "புழுக்கைய மட்டும் இல்ல."

அவளுக்குப் போன் போட்டேன். பாதியில் அழுது சமாளிக்கலாம் என்று மனசுக்குள் ஒரு திட்டம் இருந்தது. அழாமல் சொல்லி முடித்தேன்.

"அபி, இருக்கியாட்டி?"

"இருக்கேன்" என்றாள். "மொத வரிம்மா. ரெண்டு கோடு போட்டிருந்தேன்." பிறகு நர்ஸ் குரலில், "எத்தன புழுக்க போட்டுச்சு? சைஸ் என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். தினம் காலையிலும் சாயந்தரமும் எண்ணிச் சொல்லச் சொன்னாள். அவளுடைய நம்பிக்கை அந்த எண்ணிக்கையில்தான் இப்போதும் இருக்கிறது. என் வார்த்தையில் இல்லை. சரிதான்.

அடுத்த நாள் காலை வாசலில் நின்றேன். மாடத்தி அக்காவின் குரல் தெருமுனையில் கேட்டது. பக்கத்தில் வந்ததும், எதிர்வீடும் பக்கத்துவீடும் கேட்கட்டும் என்று கடையில் கூவுகிற குரலிலேயே சொன்னேன். "அக்கா, ஒங்க கீரைமேல் ஒரு தப்பும் இல்ல. முயல நான்தான் எண்ணெயத் தேச்சுக் குளிப்பாட்டிக் கெடுத்தேன். மறைக்க ஒங்க பேர இழுத்துட்டேன். என்ன மன்னிச்சிருங்க." என் வீட்டுக்காரரும் வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

மாடத்தி அக்கா கூடையை இறக்கவில்லை. "சரி" என்றார். போய்விட்டார்.

கட்டிப்பிடித்து அழுவோம், 'விடு, ஆத்தா' என்பார் என்றெல்லாம் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. கேட்டதும் கொடுத்துவிட மன்னிப்பு என்ன கடைச் சாமானா?

புட்டு தேறிவிட்டது. பத்து நாளில் பழைய எடைக்கு வந்தது. வயிற்றுப் பக்கம் ஓர் இடத்தில் மட்டும் ரோமம் சரியாக வளரவில்லை. டாக்டரின் சீட்டில் இப்போது 'காரணம் தெரியவில்லை' என்பது அடிக்கப்பட்டு, மேலே ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கிழித்துப்போடாமல் அபியின் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கடையில் இப்போது எண்ணெய் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறேன். "எல்லாச் சீக்கும் போகுமா?" என்று கேட்டால், "தெரியாதுங்க, தேச்சுப் பாருங்க" என்கிறேன். சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். முயலைத் தொடும்முன் கையை உலர்த்தி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறேன். இருபது வருஷ எண்ணெய் அந்தக் கையில் இருக்கிறது. சோப்பு போட்டால் போகாது. இந்தக் கையை நான் இதற்குமுன் ஒருநாளும் முகர்ந்து பார்த்ததில்லை. அசையாமல் இருக்கிற எதையும் இப்போது சுகமாக இருக்கிறது என்று நினைக்க முடிவதில்லை. முயலை மட்டும் சொல்லவில்லை.

மாடத்தி அக்கா இன்றும் எங்கள் தெருவுக்கு வருகிறார். அவர் குரல் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் நின்றுவிடும். எங்கள் வாசலைத் தாண்டி இரண்டு வீடு போனபிறகு மறுபடி கிளம்பும். இடையில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். புட்டு தெருமுனைக் குரலுக்கே எழும்பி நிற்கும். குரல் நின்றதும் காதை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடும். குரல் மறுபடி தொலைவில் கேட்கும்போது மெல்லக் கீழே இறங்கும். எனக்கு நாள் தொடங்குவது அந்தச் சத்தமில்லாத ஐந்து வீட்டு நேரத்தில்தான்.

நான் இப்போது மூன்றாம் வீட்டு வாசலுக்கு நடந்துபோய் அவரிடம் கீரை வாங்குகிறேன். கொடுப்பார். மீதிச் சில்லறையைக் கையில் வைப்பார். என்னைப் பார்க்கமாட்டார். சீசன் முடிந்து, சாரல் நின்று, வெயில் ஏறிய பிறகும் அப்படித்தான்.

போன வாரம் கட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். "இந்தா" என்று குரல் கேட்டது. கூடைக்குள் கைவிட்டு ஒரு பிடி கொத்தமல்லித் தண்டை எடுத்து நீட்டினார். நான் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கப் போனேன். அவர் கொடுக்காமல் ஒரு நொடி பிடித்துக்கொண்டார்.

"இது அதுக்கு. ஒனக்கில்ல" என்றார்.

"சரிக்கா" என்று வாங்கிக்கொண்டு வந்து புட்டுவுக்குப் போட்டேன். அது தின்று முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.